விரல் கம்பிக்கு நான்தான் பொறுப்பு

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். இந்தக் கதையில யாரும் பொய் சொல்ல மாட்டாங்க. மேல இருக்கறவங்க, கீழ இருக்கறவங்க, எல்லாரும் உண்மையைத்தான் பேசுவாங்க, பேசினதுக்குக் கீழ கையெழுத்தும் போடுவாங்க. ஒரே ஒரு பொய் வரும். அது நான் சொன்னது. அதுக்கு இன்னும் நேரமிருக்கு.

நாங்க வேலை பாத்தது ஒரு பெரிய சலவை ஆலையில. ஆஸ்பத்திரி, ஹோட்டல்னு எல்லா இடத்துப் பெட்ஷீட்டும் எங்ககிட்டதான் வரும். அழுக்கோட வரும், ரத்தத்தோட வரும், ஒருதடவை பல்செட்டோட வந்துச்சு. துவைச்சு, பிழிஞ்சு, இஸ்திரி போட்டு, மடிச்சு அனுப்பணும். நான் ஈரத்துணி வண்டி தள்றவன். எதையும் யோசிக்காம ஓடுவேன், பேசுவேன், அதனால ஆலையில எனக்குப் பேரு 'அவசரம்'.

எங்க அக்காவும் அங்கதான். இஸ்திரி ரோலர்ல. அது என்னன்னா, ரெண்டு ஆள் நீளத்துக்கு ஒரு உருளை, கொதிக்கக் கொதிக்கச் சுத்திக்கிட்டே இருக்கும். ஈரப் பெட்ஷீட்டோட ரெண்டு முனையையும் புடிச்சு, சுருக்கமில்லாம நீவி உள்ள விடணும். ஒரு நாளைக்குத் தொள்ளாயிரம் ஷீட். அக்கா விட்டா ஷீட்ல ஒரு கோடு விழாது. உருளைக்கு முன்னாடி ஒரு கம்பி இருக்கும். கை தெரியாம உள்ள போனா முதல்ல அந்தக் கம்பி மேலதான் படும், பட்டதும் உருளை நின்னுடணும். நாங்க அதை விரல் கம்பின்னு சொல்லுவோம். சிவப்பு பட்டன் ஒண்ணும் இருக்கு. ஆனா அது உருளையோட அந்தக் கோடியில. இந்தக் கோடியில கை மாட்டினவங்க எட்டி அமுக்க முடியாது.

சரி, இதெல்லாம் ஒழுங்காத்தான் ஓடிக்கிட்டிருந்துச்சு. அப்பதான் எங்க எம்.டி. மூணு நாள் தலைமைப் பண்புப் பயிற்சிக்குப் போயிட்டு வந்தார்.

போகும்போது சாதாரண மனுஷனாத்தான் போனார். வரும்போது கண்ணெல்லாம் பளபளன்னு இருந்துச்சு. எங்க எல்லாரையும் துணி பிரிக்கிற கூடத்துல நிக்க வச்சு, மேஜை மேல ஏறி நின்னு பேசினார்.

"நண்பர்களே! ஒரு நிறுவனம் ஏன் வீழ்கிறது? தவறுகளால் அல்ல. தவறுக்குச் சொந்தக்காரர் இல்லாததால்! இன்று முதல் இங்கே அனாதைத் தவறுகள் கிடையாது. ஒவ்வொரு தவறுக்கும் ஒரு முகம் இருக்கும்."

அன்னிக்கு ஆரம்பிச்சதுதான் 'நான் பொறுப்பு' திட்டம். எல்லாருக்கும் நெஞ்சுல குத்திக்க ஒரு பேட்ஜ், 'நான் பொறுப்பு'ன்னு எழுதி. காலையில வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எல்லாரும் வரிசையா நின்னு, வலது கையை நெஞ்சுல வச்சு, "நான் பொறுப்பு, நான் பொறுப்பு, நான் பொறுப்பு"ன்னு மூணு தடவை சொல்லணும். எம்.டி. மட்டும் பேட்ஜ் குத்திக்கல. ஏன்னு நான் கேட்டேன், எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. அவர் கோபப்படவே இல்லை. தோள்ல கை போட்டு, "நான் குத்திக்கிட்டா நீங்க எல்லாம் என்னை நம்பி உக்காந்துடுவீங்க தம்பி. உங்க வளர்ச்சியை நான் தடுக்கக்கூடாது"ன்னார். உண்மையிலேயே கவலைப்பட்டுத்தான் சொன்னார்.

திட்டத்தோட முக்கியமான விதி ஒண்ணு இருந்துச்சு. எந்த மெஷின்ல கோளாறு இருந்தாலும், அதை யார் முதல்ல பாக்குறாங்களோ அவங்கதான் அந்தக் கோளாறுக்குப் பொறுப்பாளர். அவங்க போட்டோவைப் பெருசா எடுத்து அந்த மெஷின்லயே தொங்கவிடுவாங்க. கோளாறு சரியாகிற வரைக்கும் போட்டோவை யாரும் கழட்டக்கூடாது. யாருமேன்னா யாருமே.

ஒரே வாரம். ஆலையில ஒருத்தர் கண்ணுக்கும் ஒரு கோளாறும் படல.

சொன்னா நம்ப மாட்டீங்க. வாஷர் மெஷினைப் பாத்துக்கற அண்ணன் ஒருத்தர், இருபது வருஷ சர்வீஸ், கணுக்கால் தண்ணியில நின்னுக்கிட்டிருக்கார். "என்னண்ணே, இவ்ளோ தண்ணி லீக்காகுது?"ன்னேன். அவர் மேல கூரையைப் பாத்துக்கிட்டே, "தண்ணியா? எங்கடா?"ன்னார். மறுநாள் முழங்கால் வரைக்கும் வர்ற பூட்ஸ் போட்டுக்கிட்டு வந்தார். ஒரு வண்டிக்கு முன்சக்கரம் கழண்டு போச்சு. ஒரு மாசமா அதை ரெண்டு பேர் பல்லக்கு மாதிரி தூக்கிக்கிட்டு நடந்தாங்களே தவிர, சக்கரம் இல்லைன்னு வாயைத் திறக்கல. மாசக் கடைசியில 'பூஜ்யம் கோளாறு'ன்னு போர்டுல எழுதி, கேக் வெட்டினாங்க. எம்.டி. முதல் துண்டை வாஷர் அண்ணனுக்கு ஊட்டிவிட்டார். பூட்ஸோடதான் நின்னார் மனுஷன்.

இதுல மாட்டினது நான்.

அன்னிக்கு ரோலர் பக்கம் வண்டியை நிறுத்தினேன். அக்கா விட்ட ஷீட்டு கொஞ்சம் சுருண்டுச்சு, எட்டி இழுக்கப் போனா. முன்கை கம்பி மேல நல்லா இடிச்சுச்சு. உருளை நிக்கல. அக்கா வெடுக்குன்னு கையை எடுத்துட்டு அடுத்த ஷீட்டை எடுத்தா.

"அக்கா! கம்பி வேலை செய்யல!"

"டேய், கத்தாத."

"நிக்கவே இல்லக்கா. நான் பாத்தேன்."

"நானும்தான் பதினஞ்சு நாளா பாக்கறேன். வாயை மூடிக்கிட்டு வண்டியைத் தள்ளு."

"உன் கை உள்ள போயிடுச்சுன்னா?"

"போகாது. போகாத மாதிரி நான் பாத்துக்கறேன். நீ போட்டோவுல தொங்காத, அது போதும்."

நான் கேட்டேனா? நேரா சூப்பர்வைசர்கிட்ட ஓடினேன். அவரை நாங்க 'பிளாஸ்க்'னு கூப்பிடுவோம். எப்பவும் கக்கத்துல ஒரு டீ பிளாஸ்க் இருக்கும், யாருக்கும் ஒரு சொட்டு ஊத்த மாட்டார். நான் சொன்னதும் அவர் முகத்துல வந்த நிம்மதி இருக்கே! அந்த மாசம் பொறுப்பாளரே கிடைக்காம மேல திட்டு வாங்கிக்கிட்டிருந்தார் போல.

"நீதானே முதல்ல பாத்த?"

"அக்காதான் சார் முதல்ல..."ன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன். "ஆமா சார், நான்தான்."

கவனிச்சீங்களா? இதுகூடப் பொய் இல்லை. அவர்கிட்ட முதல்ல சொன்னவன் நான்தானே.

சுவர்ல சாய்ச்சு நிக்க வச்சு போட்டோ எடுத்தார். "சிரிடா. பொறுப்பை மகிழ்ச்சியா ஏத்துக்கணும், விதியில இருக்கு." சிரிச்சேன். சாயங்காலம் ரோலர் தலைமாட்டுல என் மூஞ்சி தொங்குச்சு, கதவு சைஸுக்கு. கீழ, 'விரல் கம்பி - இவர் பொறுப்பு'. எல்லாரும் கை தட்டினாங்க. அக்கா மட்டும் தட்டல. அவ கையில ஷீட் இருந்துச்சு.

மறுநாள் நான் 'பொறுப்புப் பிரிவு'க்குப் போனேன். ஏசி ரூம். உள்ள ஒரு மேடம், மேஜை மேல ஒரு சின்னக் கண்ணாடி, அதுல 'காரணம் இங்கே தெரியும்'னு எழுதியிருந்துச்சு. நம்ம பக்கம் பாத்துத்தான் வச்சிருந்தாங்க.

"உக்காருங்க. பொறுப்பாளரா நீங்க இதுவரைக்கும் என்ன செஞ்சீங்க?"

"நேத்துதான் மேடம் ஆனேன். கம்பிக்கு உள்ள ஏதோ ஸ்விட்ச் போயிருக்கும்னு மெக்கானிக் சொல்றார். மாத்தணும். அதுவரைக்கும் மெஷினை நிறுத்தி வைக்கணும்."

"நிறுத்தறது அதிகாரம். நீங்க ஏத்துக்கிட்டது பொறுப்பு. ரெண்டும் வேற வேற பிரிவு. அதிகாரம் மூணாவது மாடி."

"அங்க போகட்டுமா மேடம்?"

"பொறுப்பாளர்களுக்கு மூணாவது மாடிக்கு அனுமதி இல்லை."

"அப்ப மெக்கானிக்கையே ஸ்விட்சை மாத்தச் சொல்லலாம்ல?"

"பாத்தீங்களா, அடுத்தவர் மேல தள்றீங்க." ரொம்ப அன்பாச் சொன்னாங்க. "இதைத்தான் முதல்ல விடணும். புதன்கிழமை சுயபரிசோதனை வகுப்பு இருக்கு, வந்துடுங்க."

வகுப்புல அஞ்சு பேர் கண்ணாடியைப் பாத்து, "இந்தக் கோளாறுக்கு என்னுள் இருக்கும் காரணம் என்ன?"ன்னு கேட்டுக்கணும். நான் அரைமணி நேரம் பாத்தேன். என்னுள் ஸ்விட்ச் எதுவும் இல்லை. "எனக்குள்ள காரணம் தெரியல மேடம், ரோலருக்குள்ள இருக்கு"ன்னேன். ஆரம்பநிலை வகுப்புல இன்னொரு மாசம் இருக்கச் சொல்லிட்டாங்க.

ஸ்விட்ச் கேட்டு எழுதற படிவம் நாலு பக்கம். யார் காரணம்ங்கற கட்டத்துல 'நான்'னு முன்னாடியே அச்சடிச்சிருந்துச்சு, நேரம் மிச்சமாகட்டும்னு. எழுதிக் குடுத்தேன். எட்டு நாள் கழிச்சுத் திரும்பி வந்துச்சு. படிவத்துல இருக்கற போட்டோவுல நான் சிரிக்கல, மெஷின்ல இருக்கறதுல சிரிக்கிறேன், ஒரே ஆள்தானான்னு சந்தேகமாம். சிரிச்ச போட்டோ ஒட்டிக் குடுத்தேன். பத்து நாள். மறுபடியும் வந்துச்சு. அந்த மெஷின்ல வேலை பாக்குற ஒருத்தர், 'கோளாறு இருப்பது எனக்குத் தெரியும்'னு கையெழுத்து போடணுமாம்.

இங்கதான் நான் தப்பு பண்ணேன். கதையில மத்த எதுக்கும் நான் காரணமில்லை. இதுக்கு மட்டும் நான்தான்.

அத்தான் வெளியூர்ல லாரி ஓட்டுறார், மாசத்துக்கு ரெண்டு நாள்தான் வீட்ல. நானும் அக்காகூடத்தான் இருந்தேன். காலையில அக்கா பொண்ணுக்குத் தலை பின்னிக்கிட்டிருந்தா. ரெட்டைப் பின்னல். விரல் போறதே தெரியாது, பேசிக்கிட்டே நாலு நிமிஷத்துல முடிச்சிடுவா. நான் படிவத்தை நீட்டினேன்.

"இது என்னடா?"

"கையெழுத்து போடுக்கா. இது போனா ஸ்விட்ச் வந்துடும்."

"நான் படிக்கறேன் இரு... 'கோளாறு இருப்பது எனக்குத் தெரியும்.' எனக்குத் தெரியும்னு அவங்களுக்கு எதுக்குடா தெரியணும்?"

"விதிக்கா."

"போட்டா உருப்படியா ஏதாவது நடக்குமா?"

"நடக்கும்க்கா. நான் சொல்றேன்ல."

ரப்பர் பேண்டைப் பல்லுல கடிச்சுக்கிட்டே கையெழுத்து போட்டா. அவ கையெழுத்து அழகா இருக்கும். இருந்துச்சு.

அந்த மாசம் எனக்கு 'சிறந்த பொறுப்பாளர்' பட்டம் குடுத்தாங்க. அதிக நாள் போட்டோ தொங்கினவன் நான்தானாம். பேட்ஜ் மட்டும் சாப்பாட்டுத் தட்டு சைஸுக்கு மாறிச்சு. ஸ்விட்ச் வரல.

என் போட்டோ தொங்கி நாப்பத்தி மூணாவது நாள், காலையில பதினோரு மணி. ஆஸ்பத்திரி ஆர்டர் அவசரம்னு பிளாஸ்க் ரோலர் வேகத்தைக் கூட்டிட்டுப் போனார். ஒரு ஷீட்டோட முனை அக்கா மணிக்கட்டுல சுத்திக்கிச்சு. கம்பி முழுசா உள்ள தள்ளிப் போச்சு. அது தன் வேலையைச் செஞ்சுது. உருளைக்குத்தான் தகவல் போகல.

நான் வண்டியை விட்டுட்டு ஓடினேன். வாஷர் அண்ணன் பூட்ஸோட எனக்கு முன்னாடி ஓடி, அந்தக் கோடியில சிவப்பு பட்டனை அடிச்சார். பதினெட்டு நொடி. அப்புறமா கேமராவுல பாத்துச் சொன்னாங்க. வலது கையில நாலு விரல். கட்டை விரல் இருக்கு.

அக்காவைத் தூக்கிட்டுப் போனதுக்கப்புறம் பிளாஸ்க் வந்தார். ரோலரைப் பாத்தார். என் போட்டோவைப் பாத்தார். கோணலா இருந்துச்சு, நேரா நிமித்தி வச்சார். "உன் மெஷின்ல என்ன ஆயிருக்கு பாருடா"ன்னார்.

ஆஸ்பத்திரியில அக்கா படுத்திருந்த ஷீட்டு மூலையில எங்க ஆலை முத்திரை இருந்துச்சு. ஒரு சுருக்கம் இல்லை. யார் இஸ்திரி போட்டிருப்பாங்கன்னு எனக்குத் தெரியும்.

மூணாம் நாள் விசாரணை. எம்.டி., மேடம், குறிப்பு எழுத பிளாஸ்க்.

மேடம் என் படிவத்தை எடுத்து வச்சாங்க. நாலு பக்கமும் நான் எழுதினது.

"கம்பி பழுதுன்னு எழுதியிருக்கீங்க. உண்மையா?"

"உண்மை மேடம்."

"அது ஆபரேட்டருக்குத் தெரியுமா?"

"தெரியும், ஆனா..."

"இது அவங்க கையெழுத்துதானே?"

"ஆமா."

"கட்டாயப்படுத்தி வாங்கினீங்களா?"

"இல்லை."

எம்.டி. ரொம்ப நேரம் கண்ணை மூடிக்கிட்டிருந்தார். அப்புறம் சொன்னார். "வருத்தமாத்தான் இருக்கு தம்பி. ஆனா நேர்மைன்னா என்ன? பிடிக்கலைன்னாலும் உண்மையை எழுதறது. எழுதுங்க. 'பழுது இருப்பதை அறிந்தும், அதை எழுத்துமூலம் ஒப்புக்கொண்ட பின்னும், ஆபரேட்டர் தம் விருப்பப்படி கையை இயந்திரத்தின் அருகே கொண்டு சென்றார். விபத்துக்கு அவரே பொறுப்பு.'"

"சார், கையைக் கொண்டுபோகாம எப்படி சார் ஷீட் விடறது?"

"அது தொழில்நுட்பக் கேள்வி"ன்னாங்க மேடம். "இது நேர்மைக் குழு."

அதைப் படிச்சேன், ஒரு வார்த்தை பொய் இல்லை. அக்காவுக்கு இனி ஆலையில வேலையும் கிடையாது, ஆலை பேர்ல வைத்தியமும் கிடையாது. ரெண்டுமே அந்த ஒரு பேப்பர்லதான் தொங்கிக்கிட்டிருந்துச்சு.

அதுக்கடுத்த வெள்ளிக்கிழமை 'நேர்மை தினம்'. முதலாளிகள் சங்கத்துலேர்ந்து எங்க எம்.டி.க்கு விருது. துணி பிரிக்கிற கூடத்துலயே மேடை. பின்னாடி அவரோட பெரிய போட்டோ, பல்லெல்லாம் தெரியச் சிரிச்சுக்கிட்டு. அக்காவையும் வண்டி அனுப்பிக் கூட்டிக்கிட்டு வந்து மேடையில உக்கார வச்சாங்க. கை முழுக்கக் கட்டு. வந்தா மனசு மாறி பேப்பரை மாத்துவாங்களோன்னு அக்கா வந்தா. நான்தான் வான்னு சொன்னேன். இதுவும் நான்தான்.

உறுதிமொழி எடுக்கும்போது எல்லாரும் எழுந்து வலது கையை நெஞ்சுல வச்சாங்க. அக்கா கட்டைத் தூக்கப் பாத்தா. மேடம் குனிஞ்சு, "இடது கை போதும்மா. உங்களுக்கு விதிவிலக்கு குடுத்திருக்கோம்"ன்னாங்க. அக்கா இடது கையை வச்சு, மூணு தடவை சொன்னா. நான் பொறுப்பு. நான் பொறுப்பு. நான் பொறுப்பு.

அப்புறம் எம்.டி. மைக்கைப் பிடிச்சார். குரல் உடைஞ்சுச்சு.

"கோழைத் தலைவன் காரணம் தேடுவான். நான் தேட மாட்டேன். இந்தச் சகோதரியின் கைக்கு முன்னால் நின்று சொல்கிறேன். நடந்ததற்கு முழுப் பொறுப்பும் என்னுடையது! என்னுடையது மட்டுமே! இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்தது என்பது எனக்குத்தான் தெரியும். நான் பொறுப்பை ஏற்றுவிட்டேன். எனவே இதைப் பற்றி இனி யாரும் பேச வேண்டியதில்லை."

எழுந்து நின்னு கை தட்டினாங்க. சங்கத்துக்காரர் கண்ணைத் துடைச்சுக்கிட்டார். அக்கா தட்டல. முடியாது.

எனக்கு என்ன தோணுச்சுன்னா, அவர்தான் பொறுப்புன்னு அவரே சொல்லிட்டாரே. மைக்ல. எல்லாருக்கும் முன்னாடி. அப்ப ரோலர்ல தப்பான ஆளோட போட்டோ தொங்குது. விதிமீறல்.

எல்லாரும் சாப்பிடப் போனதும் மேடைக்குப் பின்னாடி இருந்த போட்டோவைக் கழட்டி என் வண்டியில போட்டேன். எட்டிப் பாத்த வாஷர் அண்ணன், "என்னடா தள்ற?"ன்னார். "எம்.டி.யைண்ணே." அவர் மேல கூரையைப் பாத்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலையே"ன்னுட்டு, வந்து ஒரு பக்கம் புடிச்சார்.

என்னை இறக்கிட்டு அவரை ஏத்தினோம். நேரா, கோணல் இல்லாம. கீழ, 'விரல் கம்பி - இவர் பொறுப்பு'.

பிளாஸ்க் பாத்துட்டு பிளாஸ்க்கைக் கீழ போட்டுட்டார். பத்து வருஷத்துல முதல்தடவையா டீ வெளிய வந்துச்சு. போட்டோவைக் கழட்டப் போனார், கை அந்தரத்துல நின்னுடுச்சு. கோளாறு சரியாகாம யாரும் கழட்டக்கூடாது. யாருமேன்னா யாருமே. மூணு மணிக்குச் சங்கத்துக்காரங்க ஆலையைச் சுத்திப் பாக்க வர்றாங்க. மேடம் வந்தாங்க. அதிகாரமே மூணாவது மாடியிலேர்ந்து இறங்கி வந்துச்சு, ஒல்லியா, கண்ணாடி போட்டு. மூணு பேரும் எம்.டி.யோட பல்லைப் பாத்துக்கிட்டு நின்னாங்க.

அப்புறம் மெக்கானிக்கைக் கூப்பிட்டாங்க. அவர் ஸ்டோர் ரூமுக்குப் போனார். ரெண்டாவது அலமாரி. தீப்பெட்டி சைஸ்ல ஒரு ஸ்விட்ச், பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்கல. மெஷினை நிறுத்தினாங்க. மாட்டினார். கம்பியைத் தொட்டுப் பாத்தார், உருளை டக்குன்னு நின்னுச்சு. நான் கடிகாரம் பாத்துக்கிட்டே இருந்தேன். மொத்தம் இருபது நிமிஷம்.

போட்டோவைக் கழட்டித் துடைச்சு மேடைக்கே கொண்டுபோயிட்டாங்க. மூணு மணிக்குச் சங்கத்துக்காரர் கம்பியைத் தொட்டுப் பாத்து, "அற்புதம்"ன்னார்.

எனக்கு நாலு மணிக்குக் கடிதம். 'உரிய அனுமதியின்றிப் பொறுப்பை இடம் மாற்றிய குற்றத்துக்காக' வேலையிலிருந்து நீக்கம். உண்மைதான், அனுமதி வாங்கல. கடிதத்தை வாங்கிக்கிட்டேன்னு கையெழுத்து போட்டேன். அக்காவோட பேப்பர் அப்படியேதான் இருக்கு. அது வேற ஃபைலாம்.

இப்ப காலையில அக்கா பொண்ணுக்கு நான்தான் தலை பின்றேன். அக்கா பக்கத்துல உக்காந்து இடது கையால ஒரு கொத்தைப் புடிச்சுக்குவா, மிச்ச ரெண்டும் எனக்கு. முக்கால் மணி நேரம் ஆகுது. பொண்ணு, "மாமா, இழுக்காத"ன்னு கத்துவா.

நேத்து அக்கா கேட்டா. "கம்பியைச் சரி பண்ணிட்டாங்களாமே?"

"ம்."

"வாஷர் அண்ணன் போன் பண்ணாரு. விஷயத்தைச் சொல்லிட்டு, மிச்சத்தை உன்கிட்ட கேக்கச் சொல்லிப் போனை வச்சுட்டாரு. எவ்ளோ நேரமாச்சாம்டா?"

நான் ஒரு கொத்தை இன்னொண்ணுக்கு மேல போட்டேன். தப்பாப் போட்டேன், எடுத்து மறுபடியும் போட்டேன்.

"ரெண்டு நாள் ஆச்சுக்கா. மெஷினையே பிரிச்சாங்க. ஸ்விட்ச்சு வெளிநாட்டுலேர்ந்து வரவேண்டியிருந்துச்சாம்."

அக்கா தன் கையில இருந்த கொத்தை என்கிட்ட நீட்டினா.

"அப்ப பெரிய வேலைதான். நான்கூட என்னமோன்னு நினைச்சேன்"ன்னா. அப்புறம், "வகிடு கோணலா இருக்கு பாரு. பிரிச்சுட்டு முதல்லேர்ந்து போடு"ன்னா.